கேத்தி பெஞ்சு

இரண்டாவது காபியை மட்டுவார்குழலி உட்கார்ந்துதான் குடிப்பாள். முதல் காபி கடனே என்று குடிப்பது. பால்காரர், மோட்டார் தண்ணீர், குப்பை வண்டிக்காரம்மாவின் விசில் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றவாக்கில் தொண்டையில் சரித்துக்கொள்வது. இரண்டாவதுதான் காபி. வேலைக்கு வரும் செல்லம் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுப் போனபிறகு, உறையூர் வீட்டின் மாடியறையில், ஜன்னலோரம் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, டம்ளர் விளிம்பு உதட்டைச் சுடுகிற பதத்தில், ஒரு வாய்க்கும் மறுவாய்க்கும் நடுவே மலைக்கோட்டையைப் பார்த்தபடி குடிக்க வேண்டும். இந்த அல்ப சுகத்தைப் பற்றி எழுதப்போய்த்தான் அவள் ஊரறிந்த எழுத்தாளர் ஆனாள். நாவல்களும் எழுதியிருக்கிறாள், அவற்றை அவளும் மெய்ப்புப் பார்த்தவரும் மட்டும்தான் படித்திருப்பார்கள். வார இதழில் வரும் 'இரண்டாவது காபி' பத்தியைத்தான் தமிழ்நாடு முழுக்கப் படிக்கிறார்கள். கொய்யாக்காயை உப்பு மிளகாய்ப்பொடியில் தோய்த்துத் தின்பது, புதுச் சோப்பில் எழுத்து அழியாத முதல் குளியல், பஸ்ஸில் வெயில் படாத பக்கத்து ஜன்னல், இஸ்திரிக்காரரிடமிருந்து சூடு ஆறாமல் வந்த புடவை. இவ்வளவுதான் அவளிடம் இருக்கும் சரக்கு. இவற்றுக்காக அவளும் அவள் புருஷனும் சண்டை பிடித்துக்கொள்வதுதான் கதை. புருஷனை 'இவர்' என்றுதான் எழுதுவாள், பேர் போட்டதில்லை. பேர் ஜம்புலிங்கம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாசி மாதம் ஒரு மத்தியானம், கீழே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். இப்போது ஆடி. பத்தியில் அவர் இன்னும் சாகவில்லை. போன வாரம்கூட நாவற்பழம் வாங்கப் போய், பேரம் படியாமல் முறைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. மத்தியான ரயிலில் கோயம்புத்தூர். அதற்குள் இந்த வாரப் பத்தியை எழுதி அனுப்பியாக வேண்டும், புடவை மடித்து வைக்க வேண்டும், மாத்திரை எடுத்து வைக்க வேண்டும், அந்த டீச்சருக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடைசியாக நினைத்ததை நினைக்காததுபோலத் தள்ளிவிட்டு, காபியில் ஒரு வாய் குடித்தாள். சூடு ஆறியிருந்தது. பெட்டி அடுக்குவது அவள் வேலையே இல்லை. அவள் ஊருக்குப் போகிற அன்று காலையில் ஜம்புலிங்கம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு ஏதோ ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி அறைக்குள் வருவார். புடவைக்குள் கண்ணாடிக்கூடு, கண்ணாடிக்கூட்டுக்குள் ஊக்கு, செருப்புக்குள் சுருட்டிய காலுறை என்று ஒன்றுக்குள் ஒன்றாகத் திணிப்பார். ஊருக்குப் போய் இறங்கி ஊக்கைத் தேடினால் கிடைக்காது. போன் போட்டுக் கேட்டால், "கண்ணாடிக் கூட்டைத் திறந்து பாரு, அங்க இல்லாம எங்க போவும்" என்பார், ஏதோ ஊக்கு அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல. கடைசியில் பெட்டியின் கைப்பிடியில் கிளிப்பச்சையில் ஒரு துணிக்கீற்றைக் கட்டுவார். அவளுடைய பழைய பட்டு ரவிக்கையில் கிழித்தது. எல்லார் பெட்டியும் கறுப்பாக இருக்கிற உலகத்தில் நம்ம பெட்டி தனியாகத் தெரிய வேண்டுமாம். அந்தக் கீற்று இப்போதும் கைப்பிடியில் இருந்தது, மாசியில் அவர் கட்டினபடியே. முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இழுத்து இறுக்கலாம் என்று கையைக் கொண்டுபோய், இறுக்கினால் அது தன் முடிச்சு ஆகிவிடும் என்று தோன்றி, விட்டுவிட்டாள். ஆடிக் காற்று வீட்டுக்குள் புகுந்து கீழே ஏதோ ஒரு கதவை அடித்தது. "கொண்டி போடாம என்ன பண்றே" என்று கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. யாரும் கேட்காவிட்டால் கதவும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டேதான் இருக்கும். கீழே போய்க் கொண்டி போட வேண்டும். போகலாம். காபி முடியட்டும். நாவற்பழத்தைப் பற்றி எழுதும்போது நாக்கு ஊதாவாகிறதை எழுத மறந்துவிட்டோமே. அவர் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நிற்பாரே. அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து, அப்படி நினைத்ததைத் தானே கேட்டதுபோல டம்ளரைக் கீழே வைத்தாள்.

பத்தியில் அவர் சாகாமல் இருப்பது இப்படித்தான் நடந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. பத்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஊருக்குக் கிளம்புமுன் வரப்போகிற வாரங்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. மாசியில் அவளும் ஜம்புலிங்கமும் ஊட்டி மலை ரயிலில் போவதாக இருந்தது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் வாயைத் திறந்து கேட்ட ஒரே பயணம் அதுதான். அவள் ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்டவர், "அந்தப் பல்சக்கர ரயில்ல ஒரு தடவை போவணும் குழலி" என்றார். சரி என்றாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆனால் போய்வந்தபிறகு எழுத நேரம் ஏது, வந்த மறுநாளே சென்னைக் கூட்டம், அதற்கப்புறம் பாண்டிச்சேரி. அதனால் போவதற்கு முன்னாலேயே போய்வந்ததாக எழுதிவிட்டாள். அதில் என்ன கஷ்டம். ரயில் எப்படிப் போகும் என்று தெரியும். இவர் என்ன செய்வார் என்று அதைவிட நன்றாகத் தெரியும். ரயில் நின்ற இடத்திலெல்லாம் இறங்கி எஞ்சினுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குகை வந்தால் சின்னப் பையன்கள் கத்துவார்கள், இவர் அவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த குகையில் தானும் மெதுவாக 'ஓ' என்பார். குன்னூர் தாண்டிக் கேத்தியில் ரயில் நிற்கும்போது, மரத்தடியில் ஒரு பெஞ்சு. ஒரு கால் குட்டையான பெஞ்சு, அடியில் செங்கல் முட்டுக்கொடுத்தது. அதில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மஃப்ளரைக் கழற்றி அவளுக்கு இடம் துடைத்துவிட்டு, "இங்கயே இருந்துடலாமா" என்று கேட்பார். பெஞ்சை அவளாகத்தான் போட்டாள். கேத்தியில் பெஞ்சு இருக்குமா, இருந்தால் கால் நீளமா குட்டையா என்று அவளுக்கு என்ன தெரியும். அவள் கேத்தியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவரும் பார்க்கவில்லை. பயணத்துக்கு முந்தின நாள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓயாமாரிச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து திரும்பும்போது, பத்திரிகையிலிருந்து வந்திருந்த கிருபாகரன் பக்கத்தில் வந்து, "எழுதிக் குடுத்தது பூரா இருக்குதும்மா. நிறுத்திடவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வரட்டும் என்றாள். நிறுத்து என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். கிருபாகரனும் சாவுச் செய்தி போடவில்லை. வாரா வாரம் அவர் மலையேறினார். அவள் பதினாறாம் நாள் காரியத்துக்கு எள் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் குகைக்குள் 'ஓ' என்றார்.

எழுதிக்கொடுத்தது தீர்ந்த வாரம், கிருபாகரன் போன் பண்ணவே பயந்து சும்மா இருந்தார். அவளாகத்தான் உட்கார்ந்தாள். 'இவர் இல்லை' என்று எழுதத்தான் உட்கார்ந்தாள், சத்தியமாக. ஆனால் கை வழக்கமான தடத்தில் போயிற்று. 'இவர்' என்று தொடங்கியதும் இவர் வந்துவிட்டார், வந்ததும் தண்ணீர்ப் பானையில் வெட்டிவேர் போட்டது போதாது என்று சண்டைக்கு நின்றார், அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினபோதுதான் வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்று காதில் அறைந்தது. அதற்கப்புறம் அவள் எந்த ஊர்க்காரர் கூப்பிட்டாலும் சரி என்று சொல்ல ஆரம்பித்தாள். காரைக்குடி, நெய்வேலி, மார்த்தாண்டம், போகாத ஊர் இல்லை. அடுத்த மாதம் மலேசியாவில் வேறு மூன்று ஊர். புனாவில் இருக்கும் மகள் தேன்மொழி, "அம்மா, வருஷம் திரும்பறதுக்குள்ள இப்படி ஓடினா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க, உன் உடம்பு என்னத்துக்காவும்" என்று போனில் அழுகிறாள். சொந்தக்காரர்கள் பேசட்டும், அவர்களில் ஒருவரும் பத்தி படிப்பவர் இல்லை. அவளுக்குத் தெரிந்த விஷயம் அவர்களுக்குத் தெரியாது. வெளியூரில் மேடையை விட்டு இறங்கினதும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "சார் வரலீங்களா?" என்று கேட்பார்கள். "வெயில் அவருக்கு ஒத்துக்காது, வீட்ல இருக்கார்" என்பாள். சொன்ன அந்த நிமிஷம் அவர் வீட்டில் இருப்பார். பனியனோடு, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, தட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டோமா என்று யோசித்துக்கொண்டு இருப்பார். லாட்ஜ் அறையில் விளக்கை அணைத்துப் படுக்கும்போதும் இருப்பார். திரும்பி வந்து சாவியைத் திருகிக் கதவைத் தள்ளுகிறவரைக்கும் இருப்பார். தள்ளினதும் செத்துப்போவார். மறுபடியும் முதலிலிருந்து. அதனால்தான் அவள் வந்த மறுநாளே அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டினாள். இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாதா, தெரியும். பைத்தியத்துக்கும் ஒரு ரயில் டிக்கெட் இருந்தால் காலம் ஓடிவிடுகிறது.

கோயம்புத்தூரில்தான் மாட்டிக்கொண்டாள். தேவசேனா டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வாரம் தவறாமல் பத்தியைப் படித்துவிட்டுப் போன் பண்ணுகிறவர். கேத்தி கட்டுரையைப் படித்துவிட்டு அவரும் அவர் புருஷன் வெள்ளிங்கிரியும் வைகாசியில் மலை ரயிலேறிப் போய்வந்தார்கள். போய்வந்த அன்றே போன். "நீங்க சொன்ன மாதிரியே குகைல 'ஓ'ன்னு சொன்னமுங்க அம்மா. எங்கூட்டுக்காரரு வெக்கப்பட்டுட்டு சொல்லமாட்டேன்னாரு, நான் விடுவனா. கேத்தியில எறங்கி அந்தப் பெஞ்சைத் தேடுனமுங்க. செங்கல்லு முட்டுக் குடுத்த பெஞ்சு, மரத்தடியில. காணமுங்களே அம்மா. ஸ்டேசன் மாஸ்டரைக் கூடக் கேட்டுப் பாத்தாரு இவரு. எந்தப் பக்கமுங்க அது?" குழலி உடனே பதில் சொன்னாள், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நீங்க ரயிலுக்கு இந்தப் பக்கம் பாத்திருப்பீங்க டீச்சர். அந்தக் கோடியில, கொஞ்சம் மறைவா இருக்கும்." சொல்லிவிட்டுப் போனை வைத்தவள் வெகுநேரம் மனசுக்குள் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறைவாகத்தான் இருந்தது. அந்தப் பொய்க்குத்தான் இப்போது வட்டி. டீச்சர் விடவில்லை. "நீங்களும் சாரும் வந்து காட்டுனாத்தானுங்க எங்களுக்குத் தெரியும்" என்று, கோயம்புத்தூர் கூட்டத்துக்கு மறுநாள் காலையில் மலை ரயிலில் நாலு பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். நீங்க ரெண்டு பேர், நாங்க ரெண்டு பேர், சாருக்கு ஜன்னல். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க டீச்சர்" என்று சொன்னாள். சொல்லிவிட்டால் தேவசேனா வீட்டில் அவர் செத்துப்போவார். அது வெள்ளிங்கிரிக்குத் தெரியும், அவர்களுடைய வாசகர் வட்டத்துக்குத் தெரியும், அடுத்த வாரம் பத்திரிகையில் வரும், மார்த்தாண்டத்திலும் மலேசியாவிலும் ஒவ்வொரு வீடாகச் செத்துக்கொண்டே போவார். கடைசியில் அவர் உயிரோடு இருக்கிற வீடு என்று ஒன்றுகூட மிஞ்சாது. சொல்லாவிட்டால் நாளைக் காலை மேட்டுப்பாளையத்தில் ரெண்டு பேர் கையில் சாப்பாட்டுக் கூடையோடு, ரயில்பெட்டி வாசலில், அவள் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். யாருக்கு, தனக்கா அவருக்கா. அவருக்குச் சொன்னால் தேவசேனா நேரே திருச்சிக்குப் பஸ்ஸேறி வந்துவிடுவார், அந்த ஜாதி மனுஷி.

மடிக்கணினியைத் திறந்தாள். இந்த வாரம் எதைப்பற்றி. ஆடிக் காற்றில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டு மாடிக்குப் போவது பற்றி எழுதலாம். போன வருஷம் இவருடைய வேட்டி போய்ப் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவில் கொடி மாதிரி நின்றது. 'இவர்' என்று அடித்தாள். கை நின்றது. சுகமான சங்கதிதான், சிரிப்பு வரும். அவருக்குப் படித்துக் காட்டினால் வேட்டி இடத்தில் ஒரு 'உம்' கொட்டுவார். நினைப்பு அந்த உம்மில் போய் முட்டிக்கொண்டது. அங்கே போகவேண்டாம். மாத்திரை எடுத்து வைக்க வேண்டும். ரயிலில் சாப்பிட எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ளலாமா, செல்லத்திடம் சொல்லியிருக்கலாம். கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தால் தோதாக இருக்கும். கத்தரிக்காய் அவளுக்கு ஆகாது. அவருக்கு உயிர். ஆனால் ஒரு தடவை, எழுத்துக்கு அதுதான் ருசி என்று, இவருக்குத்தான் கத்தரிக்காய் ஆகாது என்று மாற்றி எழுதிவிட்டாள். கல்யாணப் பந்தியில் இவர் இலைக்கு முன்னால் கத்தரிக்காய் கொத்சுவோடு வந்தவர் இவர் முகத்தைப் பார்த்ததும், "சாருக்கு ஆகாதே, படிச்சிருக்கேன்" என்று தாண்டிப் போய்விட்டார். அதிலிருந்து எந்தப் பந்தியிலும் அவருக்குக் கத்தரிக்காய் விழுந்ததில்லை. "வாரா வாரம் என்னை எடுத்துக் கூறு போட்டு விக்கறே, போவட்டும். என் கத்தரிக்காயையுமா?" என்பார். அவள் சிரிப்பாள். எப்போது படித்துக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். அவள் எழுதின எந்தப் பத்தியும் அவருக்குப் படித்துக் காட்டாமல் போனது கிடையாது. மாடியிலிருந்து இறங்கிப் போய்க் கூடத்தில் அவர் நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு படிப்பாள். அவர் கண்ணை மூடி, மோவாயைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, உம் கொட்டுவார். நல்ல இடத்தில் உம் விழும். தொய்ந்த இடத்தில் விழாது. ஒன்றும் சொல்லமாட்டார், உம் விழாது, அவ்வளவுதான். விழாத இடத்தில் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடிக்குப் போய்த் திருத்தி எழுதிக்கொண்டு வருவாள். பெரிய பெரிய விமரிசகர்கள் எல்லாம் அந்த உம்முக்கு உறைபோடக் காணமாட்டார்கள்.

அந்த மத்தியானமும் அப்படித்தான் இறங்கி வந்தாள். அங்கே போகவேண்டாம் என்றால் மனசு கேட்கிறதா, ஆறின காபியின் ஆடை மாதிரி உதட்டில் வந்து ஒட்டிக்கொள்கிறது. கேத்திக் கட்டுரை. பெஞ்சு வரைக்கும் வந்துவிட்ட குஷியில் படியிலிருந்தே, "என்னங்க, உங்களைக் கேத்தியில கொண்டுபோய் உக்கார வெச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் நாற்காலியில் கண்ணை மூடி, மோவாயைக் கழுத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். எதிரே நின்று படித்தாள். குகை வந்தது, உம் விழவில்லை. எஞ்சின் வந்தது, விழவில்லை. பெஞ்சு வந்தது. விழவில்லை. இவ்வளவு நன்றாக எழுதியும் இந்த மனுஷருக்கு என்ன கேடு என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் உம் தப்பாது. சரி, பெஞ்சு பிடிபடவில்லை, வெறும் பெஞ்சாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி மாடிக்குப் போனாள். போய் உட்கார்ந்து பெஞ்சுக்கு ஒரு காலைக் குட்டையாக்கினாள். செங்கல் முட்டுக் கொடுத்தாள். மஃப்ளரால் இடம் துடைக்கச் சொன்னாள். "இங்கயே இருந்துடலாமா" என்று கேட்க வைத்தாள். இந்தத் தடவை உம் கொட்டாமல் எங்கே போகிறார் பார்க்கலாம் என்று, அந்த வீம்பில் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டு, இறங்கி வந்து, மறுபடியும் எதிரே நின்று, அவருக்கு, முழுசாகப் படித்தாள். படித்து முடித்துத்தான் அவர் கையைப் பார்த்தாள். "எப்பன்னு சொல்ல முடியாதும்மா, தூக்கத்துலயே போயிருக்கும், வலி தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். எப்போது என்று அவளுக்கு மட்டும் தெரிய வேண்டும். முதல் தடவை படிக்கும்போது இருந்தாரா. இருந்து, கேட்டு, நிஜமாகவே பிடிக்காமல் உம் கொட்டாமல் இருந்தாரா. இல்லை, அவள் ஒரு பிணத்துக்கு முன்னால் நின்று கோபித்துக்கொண்டாளா. இதை யாரிடம் கேட்பது. தேன்மொழியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் எழுதினதிலேயே அந்தப் பெஞ்சுதான் ஒசத்தி என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாசகர்கள் மலையேறிப்போய்த் தேடுகிறார்கள். ஒருத்தருக்கும் தெரியாது அது அவருடைய மௌனத்துக்கு அவள் சொன்ன பதில் என்று.

கீழே கதவு அடித்தது. திரையில் 'இவர்' என்ற ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் கோடு விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தபோது டாக்சிக்காரராக இருக்கும் என்று நினைத்து எடுத்தாள்.

"அம்மா, நான் தேவசேனா பேசறனுங்க. கெளம்பீட்டீங்களா?"

"கிளம்பிட்டே இருக்கேன் டீச்சர்."

"சாரு ரெடியாயிட்டாருங்களா? ஸ்வெட்டர் மறந்துடாம எடுத்து வெக்கச் சொல்லுங்க, மேல காத்து ஊசியாட்டக் குத்துது. அப்பறம் ஒரு சந்தேகமுங்க. நாளைக்குக் கையில கட்டிக்கறதுக்குச் சப்பாத்தி போட்டுடறேன். தொட்டுக்கக் கத்தரிக்காய் வதக்கலாம்னாரு இவரு. நான் ஒரே சத்தம் போட்டேன். சாருக்குக் கத்தரிக்காயே ஆகாதுன்னு ஊருக்கே தெரியும், வாரா வாரம் நான் படிக்கறதைக் கேட்டுட்டே இருந்துட்டு இப்படிக் கேக்கறீங்களேன்னு. புடலங்காய் போட்டுடட்டுங்களா?"

குழலி வாயைத் திறந்தாள். போடுங்க என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பந்தி கண்ணில் வந்தது. கொத்சு வாளி அவர் இலையைத் தாண்டிப் போகிறது. அவர் திரும்பி அவளைப் பார்க்கிறார். திட்டவில்லை, பார்க்கிறார்.

"டீச்சர்," என்றாள். "அவருக்குக் கத்தரிக்காய்னா உசிரு."

"என்னங்க அம்மா?"

"எனக்குத்தான் பிடிக்காது. நான்தான் மாத்தி எழுதிட்டேன். எழுதினதுலேருந்து ஒருத்தரும் அவருக்குப் போடறதில்லை. கடைசி வரைக்கும் ஒரு விசேஷத்துலயும் அவர் இலையில கத்தரிக்காய் விழலை."

எதிர்முனையில் தேவசேனா சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினவர், குரலிலும் பார்த்துவிட்டார்.

"கடைசி வரைக்கும்னா என்னங்க அம்மா?"

வாசலில் டாக்சி ஹாரன் கேட்டது. குழலி எழுந்திருக்கவில்லை. காற்றில் ஜன்னல் திரை எழும்பி அவள் முகத்தில் பட்டு இறங்கியது.

"கேத்தியில பெஞ்சு கிடையாது டீச்சர். நாங்க அங்க போகவே இல்லை. போகறதுக்கு முந்தின நாள் மத்தியானம்..." என்று சொல்லி நிறுத்தினாள். இத்தனை மாதத்தில் இதை வாய்விட்டு யாருக்கும் சொன்னதில்லை, எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லை. எழுதியிருந்தால் இரண்டு வரி அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கியிருப்பாள். "அவர் கூடத்துல நாற்காலியில உக்காந்திருந்தார். நான் மாடியில எழுதிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் நின்றுவிட்டதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. வெள்ளிங்கிரியின் குரல் எங்கேயோ தூரத்தில், "என்னவாமா?" என்று கேட்டது. மறுபடி ஹாரன். இந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம். மறுபடி மாடியேறிப் போய்த் திருத்தி எழுதிக்கொண்டு வர வேண்டும்போல இருந்தது. ஆனால் இதில் திருத்த ஒன்றும் இல்லை.

"அவருக்குப் படிச்சுக் காட்டலாம்னு கீழ இறங்கி வந்தேன்" என்றாள்.

"உம்" என்றார் தேவசேனா. அழுகையில் நனைந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்கிற உம்.

குழலிக்குக் கண் பொங்கி வழிந்தது. மாசியிலிருந்து வராத அழுகை, சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட வராதது, இப்போது வந்தது. அழுதுகொண்டே இடது கையால் மடிக்கணினியை மூடினாள். டாக்சிக்காரர் கீழே இருந்து "அம்மா" என்று கூப்பிட்டார்.

"கண்ணை மூடிட்டு இருந்தார்" என்றாள். "எப்பவும் அப்படித்தான் கேப்பார்."

"உம்."

"பேரு ஜம்புலிங்கம்" என்றாள். பிறகு அந்த மத்தியானத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.